மட்டக்களப்பிலிருந்து நெட்வேர்க் பொறியியலாளராவது எப்படி: கேபிள் முனையிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

கல்முனைப் பக்கம் ஓர் அலுவலகம். காலை எட்டரை மணிக்கே வாசலில் மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே இருபத்திரண்டு கணினிகள். ஒன்பதில் இணையம் இருக்கிறது, பதின்மூன்றில் இல்லை. முதல் நாள் மாலை வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இணையச் சேவை நிறுவனத்தை அழைத்துக் கோபப்பட்டாயிற்று. ரவுட்டரையும் மூன்று முறை அணைத்துப் போட்டாயிற்று. ஒவ்வொரு முறை போடும்போதும் வேலை செய்யாத கணினிகள் மாறிக்கொண்டிருந்தன. சற்று முன் ஓடிய கணினி இப்போது ஓடவில்லை, ஓடாதது ஓடுகிறது. எனக்குக் கிடைத்த முதல் துப்பு அதுதான்.

இணையம் இருந்த ஒரு கணினியின் ஐபி முகவரியை, அதாவது வலையமைப்பில் அதற்குக் கொடுக்கப்பட்ட எண்ணை, பார்த்தேன். 10.20.5 என்று தொடங்கியது. இல்லாத கணினியில் 192.168.1 என்று தொடங்கியது. அந்த அலுவலகத்தின் ரவுட்டர் அப்படி ஒரு முகவரியைக் கொடுக்கவே கொடுக்காது. அப்படியானால் உள்ளே வேறு யாரோ முகவரி பங்கிடுகிறார்கள். 192.168.1.1 என்ற முகவரிக்கு உரிய மெக் முகவரியை, அதாவது தயாரிக்கும்போதே கருவிக்கு இடும் அடையாள எண்ணை, குறித்துக்கொண்டேன். கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டியான சுவிட்சில் அது எந்தத் துளை வழியாக வருகிறது என்று சுவிட்சிலேயே தேடினேன். பதினேழாம் துளை. அந்தக் கேபிளைப் பின்தொடர்ந்து மாடிக்குப் போனால், ஒரு மேசைக்கு அடியில் சிறிய வைஃபை ரவுட்டர். கைத்தொலைபேசிக்கு வைஃபை வேண்டும் என்று யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். அதைக் கழற்றியதும் கணினிகள் ஒவ்வொன்றாகச் சரியான முகவரியைப் பெற்றன. ஒன்பதேகாலுக்கு வரிசை நகரத் தொடங்கியது.

நெட்வேர்க் பொறியியலாளரின் வேலை என்றால் என்ன என்று யார் கேட்டாலும் நான் இந்தக் காலையைத்தான் சொல்வேன். சான்றிதழ், பட்டம், பெரிய சம்பளம் எல்லாம் பிறகு வருபவை. ஒரு பிழையைப் பதற்றமில்லாமல், படிப்படியாக, அதன் இருப்பிடம் வரை துரத்திப் பிடிக்கும் பழக்கமே இந்தத் தொழிலின் உயிர். அந்தப் பழக்கத்தைக் கற்கக் கொழும்புக்குப் போய் அறை எடுத்துத் தங்க வேண்டியதில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்தபடியே தொடங்கலாம். எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

வேலை எங்கே இருக்கிறது

முதலில் சுற்றிப் பாருங்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் களப் பணி, வங்கிக் கிளைகள், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலைகள், வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்கள், மாவட்டச் செயலகமும் பிரதேச செயலகங்களும், பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் உள்ள விடுதிகள், ஆடைத் தொழிற்சாலைகள். இவை எல்லாவற்றிலும் வலையமைப்பு இருக்கிறது. வலையமைப்பு இருக்கும் இடத்தில் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

பலரும் கவனிக்காத இன்னொரு வாசல் கண்காணிப்புக் கமெரா. இன்றைய கமெராக்களில் பெரும்பாலானவை ஐபி முகவரி உள்ளவை. கேபிள் வழியாகவே மின்சாரமும் பெறுபவை. கமெரா பூட்டும் கடையில் ஆறு மாதம் உதவியாளராக இருந்த பிள்ளைக்குக் கேபிள், சுவிட்ச், முகவரி, மின்வழங்கல் நான்கும் கைக்குப் பழகிவிடும். அந்த வேலையைத் தாழ்வாக நினைக்காதீர்கள்.

பதவிகள் இடத்துக்கு இடம் பெயர் மாறும். பொதுவாகக் களத் தொழில்நுட்பவியலாளர், வலையமைப்புக் கண்காணிப்பு மையத்தில் இரவு பகலாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர், ஒரு நிறுவனத்தின் வலையமைப்பு நிர்வாகி, அதன் பிறகு பொறியியலாளர், அதற்கும் மேலே வலையமைப்பை வடிவமைப்பவர் என்று படி ஏறும். முதல் படியைத் தாண்டிக் குதித்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. கண்ட ஒரு சிலரும் பின்னர் கேபிள் பிழையில் தடுமாறினார்கள்.

நம் பகுதியைப் பற்றி ஒன்றை மனதில் வைத்திருங்கள். இலங்கைக்கு வரும் கடலடிக் கேபிள்கள் கொழும்புப் பக்கத்திலும் மாத்தறையிலும் கரையேறுகின்றன. நம் கிழக்குக் கடலில் அல்ல. அங்கிருந்து தரைவழிக் கண்ணாடி இழைகளில் நாட்டைக் கடந்துதான் இணையம் நமக்கு வந்து சேர்கிறது. நடுவில் எங்கோ வீதி வேலைக்காகத் தோண்டிய இயந்திரம் இழையை அறுத்தாலும் இங்கே அழைப்பு மணி அடிக்கும். நம் கட்டடத்தில் உள்ள பிழை எது, வெளியே உள்ள பிழை எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவருக்கு இங்கே மதிப்பு அதிகமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

படிப்பு வழி

சாதாரண தரத்தோடு நின்றவர்களுக்குத் தொழில்நுட்பக் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களும் இருக்கின்றன. அங்கே கணினி வன்பொருள், தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் சார்ந்த பயிற்சிநெறிகளை முடித்தால் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். அது ஏழு மட்டங்கள் கொண்டது. நான்காம் மட்டம் முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளருக்கு உரியது, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். அதாவது, உயர்தரத்தில் வாய்ப்பு நழுவியவருக்கும் மேலே போக ஏணி இருக்கிறது. இதைப் பெற்றோருக்கு விளக்கிச் சொல்லுங்கள். 'பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை, இனி என்ன' என்று ஒடிந்துபோன வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உயர்தரம் முடித்தவர்களுக்கு இலங்கை உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகத்தின் கிளைகள் மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் அம்பாறையிலும் இருக்கின்றன. உயர் தேசிய டிப்ளோமாவுக்கு அங்கே விண்ணப்பிக்கலாம். வெட்டுப்புள்ளி கிடைத்தால் கிழக்குப் பல்கலைக்கழகம், தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இரண்டும் வீட்டுக்கு அருகிலேயே. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் உண்டு. வேலை செய்துகொண்டே படிக்க விரும்பினால் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டம் இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையமும் மட்டக்களப்பிலேயே இருக்கிறது.

பட்டம் வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில்: அரசாங்கப் பதவிக்கும் வெளிநாட்டு விசாவுக்கும் பட்டம் கதவைத் திறக்கும். முதல் வேலைக்குக் கைத்திறன் போதும். இரண்டில் எது முதலில் கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதைப் பின்னால் சேர்க்கலாம். ஆனால் பட்டம் படிக்கும் நான்கு வருடமும் ஒரு கேபிளைக்கூடத் தொடாமல் கழிக்காதீர்கள்.

கேபிளைக் கையில் எடுங்கள்

பத்து மீற்றர் கேட்6 வகைக் கேபிள், அதன் நுனியில் மாட்டும் ஆர்ஜே45 முனைகள் ஒரு பை, அவற்றை அழுத்தும் கிரிம்பிங் குறடு, சிறிய பரிசோதனைக் கருவி. முதல் முதலீடு இவ்வளவுதான். கேபிள் வாங்கும்போது ஒரு கம்பியின் உறையை உரித்துப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். விலை குறைவு என்பதால் சந்தையில் நிறைய இருக்கிறது. இரண்டு முறை மடித்தால் உள்ளே உடையும், தூரத்துக் கமெராவுக்கு மின்சாரமும் ஒழுங்காகப் போகாது. தூய செம்பையே கேட்டு வாங்குங்கள்.

வெளியுறையை உரித்தால் நான்கு சோடிகள், மொத்தம் எட்டுக் கம்பிகள். வரிசை இது: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். பச்சைச் சோடி பிரிந்து மூன்றாம் ஆறாம் இடங்களில் நிற்பதைக் கவனியுங்கள். புதியவர்கள் தவறுவது இங்கேதான். நிறங்களைச் சோடி சோடியாக அடுக்கிவிட்டு, மறுமுனையிலும் அதேபோல அடுக்குவார்கள். பரிசோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் அழகாக எரியும். ஆனால் ஒரு சமிக்ஞைக்கு உரிய இரண்டு கம்பிகள் வெவ்வேறு சோடிகளில் ஓடுவதால் ஒன்றின் இரைச்சல் மற்றொன்றில் ஏறி வேகம் படுத்துவிடும். கருவி 'சரி' என்று சொல்லும், பாவிப்பவர் 'மெதுவாக இருக்கிறது' என்று சொல்வார். இரண்டில் பாவிப்பவரை நம்புங்கள்.

சோடிக் கம்பிகளின் முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் பிரிக்காதீர்கள். எட்டுக் கம்பி நுனிகளையும் ஒரே மட்டமாக வெட்டி முனைக்குள் தள்ளுங்கள். வெளியுறையும் முனைக்குள் போய் பிடிபட வேண்டும், இல்லாவிட்டால் இழுவிசை முழுவதும் மெல்லிய கம்பிகளில் விழும். ஐம்பது முனைகள் அடித்த பிறகு கண்ணை மூடிக்கொண்டும் செய்வீர்கள். ஐந்து அடித்துவிட்டு 'தெரியும்' என்று நிறுத்திவிடாதீர்கள்.

இந்தக் கை அறிவு பிறகு மூளைக்கு உதவும். 100 மெகாபிட் இணைப்பு இரண்டு சோடிகளில் ஓடுகிறது, ஒரு கிகாபிட் இணைப்புக்கு நான்கும் வேண்டும். ஆகவே கிகாபிட் தர வேண்டிய துளை திடீரென்று 100 மட்டும் காட்டினால், நீலச் சோடியோ கபிலச் சோடியோ எங்கோ அறுந்திருக்கிறது என்று நாற்காலியை விட்டு எழாமலே சொல்லலாம். செம்புக் கேபிளின் எல்லை 100 மீற்றர். அதற்கு மேல் இழை.

இழையைப் பற்றி ஒரு பாதுகாப்புச் சொல்: அதன் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். வெட்டிய கண்ணாடித் துணுக்குகளை ஒரு போத்தலில் சேர்த்து மூடுங்கள். விரலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

முகவரி என்பது வரம்பு கட்டுவது

இந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். கணக்கு என்று பயப்படுகிறார்கள். நம் வட்டைகளைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது புதியதல்ல. ஒரு பெரிய வட்டையை வரம்பு கட்டி வயல்களாகப் பிரிக்கிறோம். ஒரு வயலுக்குள் தண்ணீர் தானாகப் பரவும். அடுத்த வயலுக்குப் போக வாய்க்கால் வழியாகத்தான் திறந்துவிட வேண்டும், அதை எப்போது, எந்தப் பக்கம் திறப்பது என்று முடிவு சொல்ல வட்டவிதானை இருக்கிறார். வலையமைப்பில் வரம்பு உபவலை, வட்டவிதானை ரவுட்டர்.

ஓர் அலுவலகத்துக்கு 192.168.10.0 முதல் 192.168.10.255 வரை 256 முகவரிகள் இருக்கின்றன என்று வையுங்கள். ஊழியர், பொதுமக்கள் கரும்பீடம், கமெரா, விருந்தினர் வைஃபை என்று நான்கு பிரிவுகள் வேண்டும். 256ஐ நான்காகப் பிரித்தால் 64. ஆகவே வயல்கள் 0, 64, 128, 192 ஆகிய இடங்களில் தொடங்குகின்றன. இதை /26 என்று எழுதுவார்கள். ஒரு முகவரி மொத்தம் 32 பிட்கள், அதாவது 0 அல்லது 1 என்ற 32 இலக்கங்கள். அவற்றில் 26 வலைக்கு, மீதி 6 பிட்கள் கருவிகளுக்கு. இரண்டின் ஆறாம் அடுக்கு 64. ஒவ்வொரு வயலிலும் முதல் முகவரி அந்த வயலின் பெயர், கடைசி முகவரி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்லும் அழைப்பு. இரண்டையும் கழித்தால் கருவிகளுக்கு 62.

இப்போது 192.168.10.130 என்ற கமெரா எந்த வயலில் இருக்கிறது? 128க்கும் 191க்கும் இடையில். ஆகவே பாவிக்கக்கூடியவை 129 முதல் 190 வரை. இந்த ஒரு கணக்கை வெவ்வேறு எண்களோடு தினமும் பத்துத் தடவை, இரண்டு வாரம் செய்யுங்கள். கடதாசியில் செய்யுங்கள். இதற்கெனச் செயலிகள் இருக்கின்றன, ஆனால் நேர்முகப் பரீட்சையில் கையில் பேனாதான் இருக்கும்.

இதன் பிறகு படிக்க வேண்டியவற்றின் ஒழுங்கு: சுவிட்ச் எப்படி மெக் முகவரிகளை நினைவில் வைக்கிறது, ஒரே சுவிட்சைப் பல வலைகளாகப் பிரிக்கும் விலேன், முகவரி பங்கிடும் டிஎச்சிபி, பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ், உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் நாட், ரவுட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப். கடைசியில் ஐபிவி6. அது 128 பிட் கொண்டது, எழுத்து நீளம் பயமுறுத்தும், பழகினால் பழையதைவிட ஒழுங்கானது.

வீட்டில் ஓர் ஆய்வுகூடம்

வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் பாக்கெட் டிரேசர், திரையிலேயே வலையமைப்பைக் கட்டிப் பழகும் மென்பொருள். அது இலவசம். அவர்களுடைய நெட்வேர்க்கிங் அகடமியில் ஒரு கணக்குத் திறந்தால் போதும். பழைய மடிக்கணினியிலும் ஓடும், இணையம் இல்லாத நேரத்திலும் பயிற்சி செய்யலாம். அதில் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று மூன்று கிளைகள் உள்ள ஒரு கற்பனை நிறுவனத்தைக் கட்டுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் இரண்டு விலேன், நடுவில் ஓஎஸ்பிஎஃப். கட்டி முடித்ததும் ஒரு நண்பரை அழைத்து, நீங்கள் பார்க்காத நேரத்தில் ஓர் இடத்தில் உடைத்துவிடச் சொல்லுங்கள். கண்டுபிடித்துத் திருத்துங்கள். கட்டுவதில் கற்பதைவிட இந்த விளையாட்டில் இரு மடங்கு கற்பீர்கள்.

திரையில் மட்டும் பழகினால் போதாது. மைக்ரோடிக் நிறுவனத்தின் சிறிய ரவுட்டர் ஒன்றை வாங்குங்கள். லத்வியா நாட்டுத் தயாரிப்பு. உள்ளங்கையளவு பெட்டியில்கூடப் பெரிய ரவுட்டரின் வசதிகளில் பெரும்பகுதி இருக்கிறது. வாங்க வசதியில்லாவிட்டால் அதன் மென்பொருளைக் கணினிக்குள் மெய்நிகராக ஓட்டலாம். இலவச உரிமத்தில் வேகம் துளைக்கு 1 மெகாபிட்டாகக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும், பயிலுவதற்கு அது தடையே அல்ல. வலையில் ஓடும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளையும் இறக்கி, உங்கள் கணினியும் டிஎச்சிபியும் முகவரிக்காகப் பரிமாறும் நான்கு செய்திகளையும் கண்ணால் பாருங்கள்: யாராவது இருக்கிறீர்களா, இருக்கிறேன் இதை எடுத்துக்கொள், எடுத்துக்கொள்கிறேன், சரி. முதல் தடவை அதைப் பார்த்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதுவரை பாடமாக்கியிருந்த ஒன்று அன்று உயிரோடு எதிரே நின்றது.

சான்றிதழ்

இலங்கையிலும் வளைகுடாவிலும் முதலில் கேட்கப்படுவது சிஸ்கோவின் சிசிஎன்ஏ. 2020 பெப்ரவரியிலிருந்து அது ஒரே பரீட்சை, அதன் இலக்கம் 200-301, நேரம் 120 நிமிடம். கட்டணம் 300 அமெரிக்க டொலர், வரி வேறு. சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். பாடப் பங்கீட்டில் வழிகாட்டல் பகுதிக்கு 25 சதவீதம், அடிப்படைக்கும் சுவிட்ச் பகுதிக்கும் தலா 20, பாதுகாப்புக்கு 15, ஐபி சேவைகளுக்கும் தன்னியக்கத்துக்கும் தலா 10. தன்னியக்கம் வந்திருப்பதைக் கவனியுங்கள். நூறு சுவிட்சுகளில் ஒரே மாற்றத்தைச் செய்ய இனி யாரும் நூறு தடவை தட்டச்சு செய்வதில்லை. பைத்தன் என்ற நிரல் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதுமளவுக்காவது பழகிக்கொள்ளுங்கள்.

300 டொலர் நம் வீடுகளில் சிறிய காசு இல்லை. அதனால் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மாதிரிப் பரீட்சைகளில் தொடர்ந்து நல்ல புள்ளி எடுக்கும் வரை கட்டணம் கட்டாதீர்கள். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஆறு முதல் எட்டு மாதம் வரை எடுப்பது நியாயம். மூன்று மாதத்தில் பொறியியலாளர் ஆக்குகிறோம் என்று பெருந்தொகை கேட்கும் வகுப்புகளில் சேருமுன், அங்கே கையால் தொட உண்மையான சுவிட்ச் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். விடைகளை மனப்பாடம் செய்யக் கொடுக்கும் கேள்விக் கோப்புகள் பக்கமே போகாதீர்கள். அப்படித் தேறிய ஒருவரை நேர்முகத்தில் இனங்காண ஐந்து நிமிடம் போதும்.

அடுத்த படியான சிசிஎன்பி, அதற்கு மேல் எட்டு மணி நேரச் செய்முறைப் பரீட்சை கொண்ட சிசிஐஇ ஆகியவை இருக்கின்றன. இரண்டு மூன்று வருட வேலைக்குப் பிறகு அவற்றைப் பற்றி யோசிக்கலாம்.

கடற்காற்று, இடி, மின்வெட்டு

பாடநூலில் இல்லாத பாடம் இது. கல்லடி, பாசிக்குடா, அறுகம்பை போன்ற கரையோரங்களில் வெளியே பூட்டிய முனைகள் சில மாதங்களிலேயே பச்சை பிடிக்கும். உப்புக்காற்று பொன்முலாம் பூசிய சிறு தகடுகளையும் விடாது. ஒருமுறை ஒரு விடுதியில் நீச்சல் தடாகப் பக்கத்து வைஃபை மட்டும் அடிக்கடி விழுந்தது. அமைப்புகளை மாற்றி மாற்றி இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் ஏணி வைத்து ஏறி முனையைக் கழற்றினேன். எட்டுத் தகடுகளில் மூன்று கறுத்துப் போய், ஒன்று தொட்டதும் உதிர்ந்தது. அன்றிலிருந்து வெளிப்புற முனை என்றால் நீர்புகாப் பெட்டி, கேபிளில் ஒரு வளைவு, அந்த வளைவிலிருந்து மழைநீர் கீழே சொட்டும்படி. வளைவு இல்லாவிட்டால் தண்ணீர் கேபிளோடு ஓடி நேரே கருவிக்குள் போகும்.

பருவம் மாறும் காலத்தில் பின்னேர இடிமுழக்கம் நமக்குத் தெரிந்ததே. இரண்டு கட்டடங்களை வெளிவழியே செம்புக் கேபிளால் இணைத்திருந்தால், ஒரு மின்னலில் இரு பக்கச் சுவிட்சும் எரியலாம். கட்டடத்துக்குக் கட்டடம் இழை போடுங்கள். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. நிலத்தொடுப்பு இருக்கிறதா என்று அளந்து பாருங்கள், சொல்லக் கேட்டு நம்பாதீர்கள்.

2022இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு நடந்தபோது, மின்கலங்கள் ஒவ்வொரு இடமாகச் செத்தன. யூபிஎஸ் இருக்கிறது என்பதும் அது இருபது நிமிடம் தாங்குகிறது என்பதும் வேறு வேறு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலை நேரம் முடிந்த பின் மின்சாரத்தை நிறுத்திச் சோதியுங்கள்.

மொழி

ஆங்கிலம் வாசிக்கத் தெரியாமல் இந்தத் தொழிலில் வளர முடியாது. கருவிகளின் கையேடுகளும் பிழைச் செய்திகளும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. தினம் ஒரு பக்கம் கையேடு வாசித்து, புரிந்ததைத் தமிழில் உங்கள் கொப்பியில் எழுதுங்கள். ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியும். சிங்களமும் பேசப் பழகுங்கள். அம்பாறை நகரில் வேலை செய்யும்போதும், நடுநிசியில் கொழும்பு மையத்தோடு பேசி ஒரு இணைப்பைத் திருத்தும்போதும் அது கைகொடுக்கும்.

பெண் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வருவதில் நம் வீடுகளில் தயக்கம் இருக்கிறது. கோபுரம் ஏறுவது இந்தத் தொழிலின் ஒரு மூலை மட்டுமே. வடிவமைப்பு, கண்காணிப்பு, பாதுகாப்பு, பல்கலைக்கழக வலையமைப்பு நிர்வாகம் எல்லாம் அறைக்குள் இருந்து செய்பவை. நான் பார்த்தவர்களில் மிக நேர்த்தியான வரைபடம் வைத்திருந்தவர் ஒரு தங்கச்சிதான்.

முதல் வேலையைப் பிடிப்பது

விண்ணப்பத்தில் 'கடின உழைப்பாளி' என்று எழுதுவதைவிட, நீங்கள் கட்டிய மூன்று கிளை வலையின் வரைபடத்தை இணைத்து அனுப்புங்கள். முகவரித் திட்டத்தையும் ஒரு பக்கத்தில் சேருங்கள். ஊரிலேயே அனுபவம் தேடலாம். நீங்கள் படித்த பாடசாலையின் கணினிக் கூடத்துக் கேபிள்கள் எப்படிக் கிடக்கின்றன என்று அதிபரிடம் அனுமதி கேட்டுப் பாருங்கள். இருபது கேபிளுக்கும் பெயர் ஒட்டி, ஒரு வரைபடம் வரைந்து கொடுத்துவிட்டு வாருங்கள். அது உங்கள் விண்ணப்பத்தின் முதல் வரி.

நேர்முகத்தில் நிச்சயம் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி, 'இணையம் இல்லை என்று அழைப்பு வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?' விடையைக் கீழிருந்து மேலே சொல்லுங்கள். ஒருவருக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்று கேட்பேன். துளையின் விளக்கு எரிகிறதா, கேபிள் சரியா. கணினிக்கு முகவரி வந்திருக்கிறதா, 169.254 என்று தொடங்கினால் டிஎச்சிபி கிடைக்கவில்லை. ரவுட்டருக்குப் பிங், அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி, போகிறதா. வெளியே கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்குப் போகிறதா. எண்ணுக்குப் போய்ப் பெயருக்குப் போகாவிட்டால் டிஎன்எஸ். இதைப் பாடம்போல ஒப்புவிக்காமல், நீங்கள் உண்மையில் திருத்திய ஒரு பிழையை வைத்துச் சொன்னால் எதிரே இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

வளைகுடாவுக்குப் போக நினைப்பவர்கள், முகவர் நிலையம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அனுமதி பெற்றதா என்று பணியகத்திடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் பதவியின் பெயர் என்னவென்று வாசியுங்கள். பொறியியலாளர் என்று சொல்லிக் கூட்டிப்போய்க் கேபிள் இழுக்க விடுவது நடக்கிறது.

வேலையில் முதல் ஆறு மாதம்

படுவான்கரையில் ஓர் அலுவலகத்தின் ரவுட்டரை ஒரு மாலை தூரத்திலிருந்தே திருத்திக்கொண்டிருந்தேன். தடுப்பு விதிகளின் வரிசையில் ஒன்றை மாற்றினேன். திரை உறைந்தது. நான் உள்ளே போகும் வழியையே அந்த விதி அடைத்துவிட்டது. அடுத்த நாள் விடியக் குருமண்வெளியில் மோட்டார் சைக்கிளை மிதவைப் பாதையில் ஏற்றி, வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் போய், அந்த ஒரு வரியை அழித்துவிட்டுத் திரும்பினேன். அதுவரை அந்த அலுவலகத்துக்கு வந்தவர்கள் காத்திருந்தார்கள். அவர்களுக்கு வயலிலும் வீட்டிலும் வேலை இருந்தது.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது, முதல் நாளே பழகுங்கள். மைக்ரோடிக்கில் பாதுகாப்பு நிலையை இயக்கிவிட்டு மாற்றம் செய்தால், இணைப்பு அறுந்ததும் அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும். சிஸ்கோ ரவுட்டரில், மாற்றத்துக்கு முன்பே பத்து நிமிடத்தில் மறுதொடக்கம் செய்யும்படி கட்டளை கொடுங்கள். எல்லாம் சரியென்றால் அந்தக் கட்டளையை இரத்துச் செய்துவிட்டுச் சேமியுங்கள். நீங்கள் வெளியே மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் அது பழைய அமைப்போடு எழும்பும். எந்த மாற்றத்துக்கும் முன் இருக்கும் அமைப்பின் ஒரு நகலை எடுத்து, தேதியிட்டு வையுங்கள். மாற்றத்தை வேலை நேரத்துக்குப் பிறகு செய்யுங்கள், வெள்ளி மாலையில் செய்யாதீர்கள்.

பையில் வைத்திருக்க வேண்டியவை: கிரிம்பிங் குறடு, பரிசோதனைக் கருவி, ஒரு மீற்றரும் ஐந்து மீற்றருமாக இரண்டு நல்ல கேபிள், சுவிட்சோடு நேரே பேசும் கன்சோல் கேபிள், சிறிய மின்விளக்கு, பெயர் ஒட்டும் நாடா, அழியாத மையுள்ள பேனா. அவற்றோடு மழையில் நனையாத உறை போட்ட ஒரு கொப்பி. ஒவ்வொரு அழைப்புக்கும் திகதி, இடம், சொன்ன குறை, உண்மையான காரணம், திருத்திய விதம் என்று ஐந்து வரிகள். என் முதல் கொப்பியின் நான்காம் பக்கத்தில் 'கேபிள் சரி, முனை பச்சை, மாற்றினேன், 40 நிமிடம்' என்று இருக்கிறது. போன ஐப்பசியில் அதே வரியைப் பதினோராவது கொப்பியிலும் எழுதினேன். இம்முறை எடுத்தது ஆறு நிமிடம்.